மூன்றாம் சரணத்து இருமல்

தன் பாட்டைத் தானே பாடிய குற்றத்துக்காக விசில் அக்காவுக்கு வந்த நோட்டீஸ் நாலு பக்கம் இருந்தது. முதல் மூன்று பக்கமும் விதிகள். நாலாவது பக்கத்தில்தான் விஷயம்: 'மேற்படி நபர் சென்ற செவ்வாய்க்கிழமை காலை பத்து பதினேழுக்கு மேற்படி பாடலின் பதினைந்தாவது சரணத்தைப் பாடியுள்ளார். மேற்படி பாடலில் பதினான்கு சரணங்களே உள்ளன.'

"அண்ணி, கூடுதலா ஒரு சரணம் பெத்துட்டீங்களாம்," என்றாள் நாத்தனார், தோளுக்கு மேல் எட்டிப் படித்துவிட்டு.

"சிரிக்காதடி. உன்னையும் இழுத்து விட்டிருக்காங்க பாரு."

இழுத்துத்தான் விட்டிருந்தார்கள். 'இவருடன் பணிபுரியும் இவரது கணவரின் தங்கை, மூன்றாம் சரணத்தின் முடிவில் இருமத் தவறினார்.'

நாத்தனார் சிரிப்பதை நிறுத்தினாள்.

இந்த வில்லங்கம் எங்கே ஆரம்பித்தது என்று தெரிய வேண்டுமானால் ஒன்பது மாதம் பின்னால் போக வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் பின்பக்கம், சலவைக்கூடம். ஒரு பக்கம் துவைக்கிற எந்திரங்கள், எதிர்ப்பக்கம் துணி அடுக்குகிற மேஜைகள், நடுவில் உருளை. நீராவியில் கொதிக்கிற இரும்பு உருளை. ஈரத் துணியை இந்தப் பக்கம் கொடுத்தால் காயவைத்து, தேய்த்து, மொறுமொறுவென்று அந்தப் பக்கம் தள்ளிவிடும். துணியை மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும். உருளைக்குத் தெரியாது. கையைக் கொடுத்தாலும் அதே அக்கறையோடு தேய்த்துத் தரும்.

அதனால்தான் பாட்டு. உருளை போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவள் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. விசில் அக்காவின் குரல் ஒன்றுதான் அந்தச் சத்தத்தைப் பிளந்துகொண்டு மேலே வரும். பட்டப்பெயர் வந்ததே அதனால்தான். துணியின் மூலையைப் பிடிக்க ஒரு வார்த்தை, உதற ஒரு வார்த்தை, உருளையின் வாயில் வைக்க ஒரு வார்த்தை. கடைசியில், "விடு... கையை விடு!" என்று இழுப்பாள். அந்த இழுப்பில் எல்லாருடைய கையும் துணியை விட்டிருக்கும். அந்தக் கூடத்தில் எட்டுப் பெண்கள். அவள் பாட ஆரம்பித்துப் பதினோரு வருடம் கழித்தும் எண்பது விரல்கள்.

வரிகளை யாரும் எழுதி வைத்ததில்லை. பெரிய விரிப்பு வந்தால் நீள வரி, தலையணை உறை வந்தால் குட்டி வரி. கிழிசல் வந்தால், "கிழிசல் வருது, கிட்ட வராதே!" என்று ஒரு வரி. நடுநடுவே வம்பு. அன்றன்றைக்கு யார் வாயில் விழுகிறார்களோ அவர்கள் பாட்டில் விழுவார்கள்.

"மூலையைப் பிடி, உதறிப் போடு,
மூணாம் மாடி டாக்டருக்கு மூக்கு மேல கண்ணு...
விடு... கையை விடு!"

அந்த டாக்டர் கண்ணாடி போட்டிருந்தார். அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

ஒரு நாள் காலையில், சமுதாய இசை மரபு ஆய்வு மையத்திலிருந்து ஓர் இளம்பெண் வந்து இறங்கினாள். தலையில் பெரிய ஹெட்ஃபோன், கையில் ரெக்கார்டர். ஆய்வாளராம்.

"உங்க இசை உங்க சமூகத்துல என்ன பங்கு வகிக்குது?" என்று கேட்டாள்.

விசில் அக்கா யோசித்தாள். "விரலைக் காப்பாத்துது."

ஆய்வாளர் குறித்துக்கொண்டாள்: 'பாதுகாப்பு உணர்வை அளிக்கிறது.'

அன்றைக்கென்று உருளையின் பெல்ட் தளர்ந்து போயிருந்தது. எந்திரம் நொண்டிக்கொண்டே ஓடியது; பாட்டும் அதற்கேற்ப நொண்டியது. அன்றைக்கென்று நாத்தனாருக்கு ஜலதோஷம். மூன்றாவது சரணத்தின் முடிவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு இருமல் இருமினாள். பதினாலு சரணம் முடிந்ததும் ரெக்கார்டரில் பேட்டரி தீர்ந்துவிட்டது. ஆய்வாளர் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். மறுநாளே மெக்கானிக் வந்து பெல்ட்டை இறுக்கினான். நாத்தனாருக்கு இருமல் நின்றது. எல்லாரும் விஷயத்தை மறந்தும் போனார்கள்.

மையம் மறக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து மூன்று கார்கள் வந்து நின்றன. முதல் காரிலிருந்து மையத்தின் இயக்குநர் இறங்கினார். துணி அடுக்குகிற மேஜைகளை ஓரங்கட்டி மேடை போட்டார்கள். சத்தம் கூடாது என்று உருளையை நிறுத்தினார்கள். ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டார்கள். விசில் அக்காவுக்குத் தன் குரலே யாரோ சீக்காளியின் குரல் மாதிரி இருந்தது.

"கேட்டீர்களா?" என்று இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார். "'மூக்கு மேல் கண்.' அதாவது, இரு புருவங்களுக்கு நடுவே திறக்கிற ஞானக்கண்! 'கையை விடு.' அதாவது, பற்றை விடு! எழுத்தறியாத இந்தப் பெண்கள்..."

"நான் பன்னெண்டாவது பாஸ்," என்றாள் நாத்தனார்.

"...என்ன பாடுகிறோம் என்று தெரியாமலே பாடிக்கொண்டிருக்கிறார்கள். அது அவர்கள் குற்றமில்லை. தெரிந்துகொள்வதற்குத்தான் நாங்கள் சம்பளம் வாங்குகிறோம். இன்று முதல் பதினான்கு சரணங்கள் கொண்ட இந்தப் பாடல் பாதுகாக்கப்பட்ட மரபு!"

கை தட்டினார்கள். கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்றைச் சுவரில் மாட்டினார்கள். சான்றிதழோடு கூடவே ஒரு கண்காணிப்பாளரையும் விட்டுவிட்டுப் போனார்கள். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்துப் பெண்கள் அவருக்கு அன்றே 'ஸ்டாப்வாட்ச்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஸ்டாப்வாட்ச் நல்ல மனுஷன்தான். குரலை உயர்த்தவே மாட்டார். பாட்டைக் கேட்டார், பதிவைக் குறியீடுகளாக அச்சடித்திருந்த புத்தகத்தைப் புரட்டினார், நெற்றியைச் சுருக்கினார்.

"மூணாவது சரணத்துல இருமல் எங்க?"

"எது?" என்றாள் நாத்தனார்.

"இருமல்மா. பதிவுல இருக்கு. ஒரு புள்ளி, மேல ஒரு வளைவு. அதைப்பத்தி ஆய்வேட்டுல பதினெட்டு பக்கம் எழுதியிருக்கு."

"அது எனக்குச் சளி பிடிச்சிருந்தது சார்."

"இருக்கலாம். ஆனா இப்ப அது உங்க சளி இல்ல, சமூகத்தோடது."

"பதினெட்டு பக்கத்துல ஒரு இருமல் மருந்து பேராவது போட்டிருக்கா?"

போடவில்லை. நாத்தனார் இருமிக் காட்டினாள். அது வறட்டு இருமலாம். பதிவில் இருப்பது சளி இருமலாம். பழகிக்கொள்ள ஒரு வாரம் தவணை கொடுத்தார். அந்த வாரம் முழுக்க அடுப்படியில் நின்று இருமிப் பழகினாள். விசில் அக்காவின் வீட்டுக்காரர் தங்கைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிக்கொண்டு போனார். எக்ஸ்ரேயில் மரபு எதுவும் தெரியவில்லை.

"பாட்டுன்னா வாய் போற போக்கு, அதுல என்னங்க இவ்வளவு?" என்று விசில் அக்கா சூப்பர்வைசரிடம் கேட்டாள்.

"நீ பாட்டுக்குப் பாடிட்டு போம்மா," என்றார் சூப்பர்வைசர். சுவரில் மாட்டியிருந்த சான்றிதழின் கீழ்மூலையில் அவருடைய பெயர் இருந்தது. அதைத் தினமும் துடைக்கிறார். "ஆஸ்பத்திரிக்கே பெருமை. வாயைக் குடுத்துக் கெடுத்துடாத."

அடுத்து வந்தது வரிசை. பதினாலு சரணமும் பதிவான வரிசையிலேயே வர வேண்டும் என்றார் ஸ்டாப்வாட்ச். சரணம் துணியைப் பார்த்து வருவது என்று விசில் அக்கா சொன்னாள். அப்படியானால் துணி சரணத்தைப் பார்த்து வரட்டும் என்று மையத்திலிருந்து கடிதம் வந்தது. முதல் இரண்டு சரணத்துக்குப் பெரிய விரிப்பு, மூன்றாவதற்கு இன்னொரு விரிப்பு, பிறகு இரண்டு உறை, ஆறாவது கிழிசல். கிழிசல் வராத நாளில் சூப்பர்வைசரே நல்ல விரிப்பு ஒன்றைக் கத்தரிக்கோலால் கிழித்துக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு நாள் பதினோராவது சரணத்துக்கு உறை ஒன்று குறைந்தது. இரண்டாம் மாடியில் அசந்து தூங்கிக்கொண்டிருந்த ஒருவரை எழுப்பி உட்காரவைத்து, தலையணை உறையை உருவிக்கொண்டு ஓடிவந்தார்கள். அவர் புகார் எழுதினார். மையம் அவருக்கு 'மரபுப் பங்களிப்பாளர்' என்று ஒரு பேட்ஜ் அனுப்பிவைத்தது.

இதுவரைக்கும் விசில் அக்கா பொறுத்துக்கொண்டாள். கிறுக்குத்தனத்தைப் பொறுத்துக்கொள்வது அவளுக்குப் புதிதில்லை. வருடா வருடம் ஒரு சூப்பர்வைசரைப் பார்த்தவள்.

பிறகுதான் ஸ்டாப்வாட்ச் கடிகாரத்தைக் கையில் எடுத்தார்.

"ஒரு சரணம் இருபத்திரண்டு விநாடிம்மா. நீங்க பதினாறுலயே முடிச்சிடறீங்க."

"அன்னிக்கு பெல்ட் தளர்ந்து கிடந்தது சார். உருளையே மெதுவா சுத்திச்சு. இப்ப பெல்ட் இறுக்கியாச்சு. உருளை எவ்வளவு வேகமோ பாட்டும் அவ்வளவு வேகம். இல்லேன்னா கை மாட்டிக்கும்."

ஸ்டாப்வாட்ச் பொறுமையாகக் கேட்டார். "உருளை எங்க ஆய்வுக்குள்ள வராதும்மா. பாட்டு மட்டும்தான் வரும்."

செவ்வாய்க்கிழமை. சோதனை நாள். ஒரே ஒரு நாள் புத்தகத்தில் உள்ளபடி பாடிவிடும்படி சூப்பர்வைசர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். சரி, ஒரு நாள்தானே என்று அவள் தலையாட்டினாள். அதற்காக இன்றைக்கும் தன்னையே திட்டிக்கொள்கிறாள்.

முதல் சரணம். இருபத்திரண்டு விநாடி. துணி முந்தியது, பாட்டு பிந்தியது, எப்படியோ சமாளித்தார்கள். இரண்டாவதும் போயிற்று.

மூன்றாவது விரிப்பு. இந்த முனையில் விசில் அக்கா, அந்த முனையில் நாத்தனார். ஓரத்தை உருளையின் வாயில் வைத்தார்கள். உருளை கவ்வியது. இழுத்தது. விசில் அக்கா இன்னும் 'மூணாம் மாடி'யில் இருந்தாள். 'விடு' வருவதற்கு ஆறு விநாடி பாக்கி. அந்த வார்த்தைக்காகவே பதினோரு வருடமாகக் காத்துப் பழகிய கை நாத்தனாருடையது. காத்திருந்தது.

கையுறையின் நுனி துணியோடு உள்ளே போயிற்று.

விசில் அக்கா பாட்டை விட்டாள், துணியை விட்டாள், பாய்ந்துபோய்ச் சிவப்புப் பொத்தானில் உள்ளங்கையால் அறைந்தாள். உருளை முனகிக்கொண்டே நின்றது. நாத்தனார் தரையில் உட்கார்ந்திருந்தாள். கை வெளியே, கையுறை உள்ளே. ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். இருந்தன.

மற்றவர்கள் அவளிடம் ஓடிவந்தார்கள். ஸ்டாப்வாட்ச் மட்டும் குனிந்து எழுதினார்.

"என்ன எழுதறீங்க?" என்று கேட்டாள் விசில் அக்கா.

"மூன்றாம் சரணம். இருமல் விடுபட்டது."

அவள் போய்ப் பச்சைப் பொத்தானை அழுத்தினாள். உருளை சுழன்றது. அந்தப் பக்கம் கையுறை தேய்க்கப்பட்டுத் தட்டையாக வந்து விழுந்தது. அடுத்த விரிப்பின் மறுமுனையை நாத்தனார் எழுந்துவந்து பிடிக்க, விசில் அக்கா இந்த மூலையைப் பிடித்துக்கொண்டு, பதினாறு விநாடியில், கூரையே கேட்கிற மாதிரி எடுத்தாள்:

"மூலையைப் பிடி, உதறிப் போடு,
கடிகாரம் பாத்தவருக்குக் கை ரெண்டும் பத்திரம்...
விடு... கையை விடு!"

எட்டுப் பேரும் சேர்ந்து கையை விட்டார்கள். மணி பத்து பதினேழு.

அதற்குத்தான் அந்த நாலு பக்கம். கடைசிப் பத்தியில் தண்டனையும் இருந்தது: 'மேற்படி நபரை உருளையிலிருந்து விலக்கி, அடித்தளத்தில் அழுக்குத் துணி பிரிக்கும் பகுதிக்கு மாற்றப் பரிந்துரைக்கப்படும். உருளை அருகில் மேற்படி பாடல் ஒலிபெருக்கி மூலம் சரியான வேகத்தில் ஒலிபரப்பப்படும். விசாரணை வெள்ளிக்கிழமை.'

நாத்தனார் அதை இரண்டு தடவை படித்தாள். "ஸ்பீக்கருக்குக் கண்ணு இருக்கா அண்ணி? கிழிசல் வந்தா அதுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப எங்க கை என்ன ஆகும்?"

விசில் அக்கா நோட்டீஸை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஒரே ஒரு வரி மன்னிப்பு எழுதிக் குடுத்துடும்மா," என்று சூப்பர்வைசர் பின்னாலேயே வந்தார்.

"எழுதறேன் சார். ஒரு வரிதானே."

வெள்ளிக்கிழமை. மையத்தின் விசாரணை அறையில் காலடிச் சத்தத்தைக்கூட கம்பளம் விழுங்கிவிட்டது. மேஜைக்குப் பின்னால் இயக்குநர், ஒரு பக்கம் ஸ்டாப்வாட்ச், இன்னொரு பக்கம் ஆய்வாளர். ஒருத்தியைக் கூப்பிட்டிருந்தார்கள். எட்டுப் பேர் வந்து நின்றார்கள். பின்னால் சூப்பர்வைசர், வியர்த்துக்கொண்டு.

"எல்லாரும் ஏன்?" என்றார் இயக்குநர்.

"பாட்டு எல்லாரோடதும்தானே," என்றாள் விசில் அக்கா.

"அப்படியானால் உருளை?"

"நிறுத்திட்டு வந்திருக்கோம்."

சூப்பர்வைசரின் செல்போன் அடித்தது. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து, விரிப்பு கேட்டு. அவர் அதை அமுக்கினார்.

இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீங்கள் செய்தது பண்பாட்டுச் சேதம்."

"சேதமாகப் பாத்தது இவ கை." விசில் அக்கா தட்டையான கையுறையை மேஜை மேல் வைத்தாள்.

இயக்குநர் அதை விரல்நுனியால் தூக்கிப் பார்த்தார். "அற்புதம். பதிவேட்டில் சேருங்கள்," என்று ஆய்வாளரிடம் நீட்டினார். ஆய்வாளர் அதை வாங்கிக்கொண்டாள். ஆனால் எண் போடவில்லை. கையில் வைத்துக்கொண்டு அதன் ஐந்து விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள கையும் இருந்திருக்கும் சார்," என்றாள் நாத்தனார். "ஆறு விநாடி."

"அம்மா, உணர்ச்சிவசப்படாதீர்கள். கொஞ்சம் பெரிதாக யோசியுங்கள். ஒரு கை போனால் ஒரு கைதான் போகிறது. ஒரு மரபு போனால் எத்தனை மாநாடு போகும் தெரியுமா? வருகிற மாதம் நான் இந்த இருமலைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசப் போகிறேன். அரங்கத்துக்குச் சொல்லியாயிற்று. நீங்கள் பாட்டுக்கு இருமாமல் இருந்தால் நான் அங்கே போய் எதைப் பேசுவது?"

"பெல்ட்டை இறுக்கினது தப்புன்னு சொல்றீங்களா?"

"தப்பு என்று சொல்லவில்லை. முன்அனுமதி வாங்கியிருக்கலாம். இப்போதும் தளர்த்திவிடலாம், அந்தத் தளர்ச்சியையும் மரபின் ஓர் அங்கமாக அறிவித்துவிட்டால் போயிற்று."

செல்போன் மறுபடி அடித்தது. சூப்பர்வைசர் இந்தத் தடவை எடுத்து, "வந்துடும் சார், இதோ வந்துடும்," என்று சுவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்." இயக்குநரின் குரலில் இப்போது மிரட்டல் ஏறியது. "உங்களை நம்பி இந்தப் பாட்டு இல்லை. விதி பத்தொன்பது சொல்கிறது: மரபுப் பாடல் ஒரு வேலைநாள்கூட மௌனமாக இருக்கக் கூடாது. பாடுகிறவர்கள் விலகினாலும், விலக்கப்பட்டாலும், மையமே அதைத் தினமும் பாடிக் காக்கும். நீங்கள் இல்லாவிட்டால் எங்களுக்கு ஒன்றும் குறைந்துவிடாது!"

விசில் அக்கா நிமிர்ந்தாள். "தினமுமா?"

"தினமும்."

"பதினாலு சரணமும்?"

"ஒன்று குறையாமல்."

"இருமலோடயா?"

"இருமலோடுதான்!" என்றார் இயக்குநர், நெஞ்சில் தட்டிக்கொண்டு.

"ஒரு பேனா குடுங்க சார்."

சூப்பர்வைசர் ஓடிவந்து பேனா கொடுத்தார். மன்னிப்பு வருகிறது என்று அவருடைய முகமே மலர்ந்துவிட்டது. விசில் அக்கா அந்த நோட்டீஸின் பின்பக்கத்திலேயே எழுதினாள். அவள் சொன்னபடி ஒரே வரிதான்: 'இந்தப் பதினாலு சரணமும் எங்களுக்கு வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.' கீழே எட்டுக் கையெழுத்து.

இயக்குநர் படித்தார். மறுபடி படித்தார்.

"பாட்டு இல்லாமல் எப்படி வேலை செய்வீர்கள்?"

"பாட்டு இருக்கே. நாளைக்கு வர்ற துணிக்கு நாளைக்குப் பாடிக்குவோம்."

"அதையும் பதிவு செய்வோம்! அதையும் மரபாக்குவோம்!"

"சார்..." ஸ்டாப்வாட்ச் தயங்கினார். "விதி ஏழு. ஒரு பாட்டை மரபா அறிவிக்கணும்னா, அதை ஒரே மாதிரி ரெண்டு தடவை கேட்டிருக்கணும்."

"போன தடவை ஒரு தடவைதானே பாடினாங்க?" என்றாள் ஆய்வாளர். கையுறை இன்னும் அவள் மடியில் இருந்தது.

"ஒலிப்பதிவை இரண்டு தடவை கேட்டோம்," என்றார் இயக்குநர் விறைப்பாக. "கணக்கு சரிதான்."

"அப்ப ரெக்கார்டர் உள்ள வரக் கூடாது," என்றாள் விசில் அக்கா. "ரெக்கார்டர் வந்தாலும் சரி, ஸ்பீக்கர் வந்தாலும் சரி, எங்க பதினாறு கையும் கீழ போயிடும். நீங்க வாங்க, தாராளமா நின்னு கேளுங்க. ரெண்டு தடவை ஒரே மாதிரி பாடினா எழுதிக்கங்க."

"இது என்ன திமிர்! சூப்பர்வைசர், இவர்களை அடித்தளத்துக்கு..."

செல்போன் மூன்றாவது தடவை அடித்தது. இந்தத் தடவை எதிர்முனையின் கத்தல் கம்பளத்தையும் மீறி எல்லாருக்கும் கேட்டது. மேஜையில் ஒருவரைப் படுக்கவைத்து மயக்கம் கொடுத்தாயிற்றாம். போர்த்த விரிப்பு இல்லையாம். சூப்பர்வைசர் இயக்குநரைப் பார்த்தார், எட்டுப் பெண்களைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு முடிவெடுத்தார்.

"அடித்தளமும் வேணாம், ஸ்பீக்கரும் வேணாம். வாங்கம்மா. வண்டி கீழ நிக்குது."

திங்கட்கிழமையிலிருந்து மையத்தில் காலை ஒன்பதரைக்குப் பாட்டு. இயக்குநர் முன்னால் நின்று பாடுகிறார். ஒரு சரணம் இருபத்திரண்டு விநாடி. இருமலையும் அவரே வைத்துக்கொண்டார், பெரிய பதவி என்பதால். அது வறட்டு இருமல் என்று ஸ்டாப்வாட்ச் முதல் நாளே அறிக்கை கொடுத்தார். விதி விதிதானே. இயக்குநருக்கு இயக்குநரே ஒரு எச்சரிக்கைக் கடிதம் எழுதிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆய்வாளரின் இருக்கை காலியாக இருந்தது. அந்தக் கையுறையை மேஜை மேல் வைத்துவிட்டு, ராஜினாமாவை அதன் அடியில் செருகிவிட்டுப் போயிருந்தாள்.

பத்தரைக்கு ஸ்டாப்வாட்ச் சலவைக்கூடத்துக்கு வந்தார். ரெக்கார்டரைக் கொண்டுவரவில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் சீவிய பென்சிலும் மட்டும். ஓரமாக ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"வாங்க சார்," என்றாள் நாத்தனார். "மூட்டையில ஊசி கீசி இருக்கும், பாத்து உக்காருங்க."

"பாடுங்கம்மா. என்னை நினைக்காதீங்க."

"உங்களை நினைக்காம எப்படிப் பாடறது?" என்று விசில் அக்கா விரிப்பின் மூலையைப் பிடித்தாள்.

"மூலையைப் பிடி, உதறிப் போடு,
மையத்துப் பெரியவருக்கு வாய் நோவ வேலை...
விடு... கையை விடு!"

பதினாறு கைகளும் விட்டன. ஸ்டாப்வாட்ச் மளமளவென்று எழுதினார். அவர் முதல் வரியை முடித்து நிமிர்வதற்குள் இரண்டு விரிப்பும் ஒரு தலையணை உறையும் உள்ளே போய்விட்டிருந்தன. பாட்டும் மாறியிருந்தது.